சிவந்த வானமும் நீண்ட கம்பிகளும்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, இலண்டன் மாநகரில் பலர் நேரத்தோடு படுக்கைக்குச் செல்லவில்லை. இருட்டி வெகுநேரமான பின்னரும் வானம் இருளாமல் மெல்லச் சிவந்து, இளஞ்சிவப்பும் ஊதாவும் பச்சையுமாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. வீதி விளக்குகளின் வெளிச்சம் மிகுந்த இந்நகரில் வெறுங்கண்ணுக்கு அது மங்கிய சாயலாகவே தெரிந்தது. கைத்தொலைபேசியின் படக்கருவிக்கோ தெளிவாக அகப்பட்டது. இரவு உடுப்புக்கு மேல் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் எழுப்பிக்கொண்டு, பின்வளவுக்கு வந்து அண்ணாந்து நின்ற நம்மவர் குடும்பங்கள் பல. பணம் கட்டி நோர்வேக்குப் போய் முகிலை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களுக்கு அன்று வீட்டு வாசலிலேயே தரிசனம் கிடைத்தது.

சனிக்கிழமை காலையில் வியப்புத் தணிந்து விசாரணை தொடங்கியது. அண்டவெளிக் கதிர்கள் பூமியில் விழுகின்றன, இரவில் கைத்தொலைபேசியை அணைத்துத் தலைமாட்டிலிருந்து தூர வையுங்கள் என்றொரு செய்தி. கிரகண காலத்தைப் போலக் கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்று இன்னொன்று. இருதய நோயாளருக்கு ஆபத்து என்று மற்றொன்று. கதிர் விழுகிறது, தொலைபேசியை அணையுங்கள் என்ற செய்தி பல ஆண்டுகளாக இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சுற்றிவரும் பழைய புரளி. பழைய மருந்துப் போத்தலுக்குப் புதுச் சீட்டு ஒட்டினாற் போல அது மீண்டும் வந்தது. ஆயினும் கேட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வானம் முழுவதும் நிறம் மாறும்போது உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்பது இயல்புதானே. அஞ்ச வேண்டாதது எது, அஞ்சத்தக்கது எது என்று பிரித்தறிய வேண்டுமாயின், நடந்தது என்னவென்று முதலில் பார்க்க வேண்டும்.

சூரியனிலிருந்து ஒளியும் வெப்பமும் வருவதை யாவரும் அறிவர். அவற்றோடு மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களும் இடைவிடாது வீசிக்கொண்டிருக்கின்றன. சூரியக் காற்று எனப்படும் இது சாதாரண நாளில் நொடிக்கு 400 கிலோமீற்றர் அளவு வேகத்தில் பூமியை நோக்கி வருகிறது. பூமியோ ஒரு பெருங் காந்தம். அதன் காந்தப் புலம், ஆற்று நடுவே நிற்கும் பாறை நீரைப் பிரித்து இரு பக்கமும் ஓடச் செய்வது போல, அக்காற்றை விலக்கி விடுகிறது. இவ்வாறு பூமி தனக்கென வளைத்துக்கொண்ட வெளிக்குக் காந்த மண்டலம் என்று பெயர். சூரியன் இருக்கும் பக்கத்தில் இது சுமார் 65,000 கிலோமீற்றர் வரை நிற்கிறது. மறுபக்கத்தில் சந்திரனுக்கும் அப்பால் நீண்ட வாலாகப் போகிறது. சூரியனிலிருந்து வரும் வாயு முகில் பூமியின் புலத்தை நெருக்கி இத்தகைய குழியொன்றை உண்டாக்கும் என்று 1930-31-இல் எழுதிக்காட்டியவர்கள், இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சிட்னி சாப்மனும் அவருடைய மாணவர் ஃபெராரோவும். அப்போது விண்வெளிக்கு ஒரு கருவியும் போயிருக்கவில்லை.

2024 மே மாதத் தொடக்கத்தில் சூரியனின் முகத்தில் 13664 என்று இலக்கமிடப்பட்ட கரும்புள்ளித் தொகுதி ஒன்று தோன்றியது. அதன் அகலத்தில் சுமார் 15 பூமிகளை வரிசையாக வைக்கலாம். அங்கிருந்து காந்தம் கலந்த வாயு முகில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எறியப்பட்டன. பின்னால் வந்தவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடித்து ஒன்றாகத் திரண்டு, 10-ஆம் திகதி பூமியை மோதின. 2003 ஒக்ரோபருக்குப் பின்னர் மிக உயர்ந்த தரத்தை எட்டிய முதற் காந்தப் புயல் அதுவே.

மோதல் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. வரும் முகிலின் காந்தத் திசை தெற்கு நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் அது வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு பிணைந்து வாசலைத் திறக்கிறது. வடக்கு நோக்கி வந்தால் வாசல் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். 1961-இல் இதை விளக்கிய ஜேம்ஸ் டஞ்சி என்பவரும் பின்னர் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தென் கென்சிங்டனில் நூதனசாலை பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் கடந்து போகும் அதே வீதியில்தான் இந்த வாசலின் இரகசியம் ஆராயப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

வாசல் திறந்ததும் நுழைந்த சக்தி இரண்டு வழியில் செலவாகிறது. ஒரு பங்கு, பூமியைச் சுற்றி வளையமாக ஓடும் மின்னோட்டத்தைப் பெருக்குகிறது. அவ்வளையம் பூமியின் காந்தத்துக்கு எதிராக வேலை செய்வதால், தரையிலுள்ள காந்தமானியின் அளவு இறங்குகிறது. நோயாளியின் வெப்பநிலைக் கோட்டைப் போலப் புயலின் கோடும் சட்டென்று ஒரு துள்ளல் துள்ளி, பின் ஆழமாக விழுந்து, சில நாட்களில் மெல்லத் தேறும். மற்றப் பங்கு துருவங்களை ஒட்டி மேல் வளிமண்டலத்தில் இறங்குகிறது. அங்கு துகள்கள் வந்து மோத, ஒட்சிசன் 100 கிலோமீற்றர் உயரத்துக்கு மேல் பச்சையாகவும், 200-க்கு மேல் சிவப்பாகவும் ஒளிர்கிறது. புயல் வலுத்தால் இந்த ஒளி வளையம் தெற்கே சரியும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதன் உச்சிதான் தெரியும் என்பதால் தென் நாடுகளில் அது வெறும் சிவப்பாகவே தோன்றுகிறது. அன்றிரவு லடாக்கின் ஹன்லே மலையில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கருவிகளில் பதிந்ததும் அந்தச் சிவப்புத்தான். கோடைக்கானல் ஆய்வுகூடத்தின் வழியில் வந்த நிறுவனம் அது.

அச்சிவப்பு மனிதரை ஏமாற்றியது இன்று நேற்றல்ல. ரோமச் சக்கரவர்த்தி திபேரியஸ் காலத்தில் ஒஸ்தியாத் துறைமுகம் எரிகிறதென்று படை ஓடியதாகச் செனெகா எழுதியிருக்கிறார். 1938 ஜனவரி 25-ஆம் திகதி இரவு ஐரோப்பா முழுவதும் வானம் சிவந்தபோது, வின்ட்சர் கோட்டை தீப்பற்றிவிட்டதென்று தீயணைப்புப் படையை அழைத்தார்கள் என்பது அக்காலச் செய்தி.

இலண்டனுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஃப்ளீட் வீதியில் மணிக்கூடு செய்து வாழ்ந்த ஜோர்ஜ் கிரஹாம் என்பவர் 1722-ஆம் ஆண்டளவில் நீண்ட காந்த ஊசி ஒன்றை நாள்தோறும் பலமுறை பார்த்துக் குறித்து, அது ஒரே இடத்தில் நிற்பதில்லை, நாளுக்குள் சிறிது அசைகிறது என்று கண்டார். 1741 ஏப்ரல் 5-ஆம் திகதி அவருடைய ஊசி வழமைக்கு மாறாகத் துடித்தது. அதே நாளில் சுவீடனின் உப்சாலா நகரில் செல்சியஸும் அவர் உதவியாளர் ஹியோர்ட்டரும் பார்த்த ஊசியும் துடித்தது. வைத்தியசாலைகளில் நாளாந்தம் வாயில் வரும் அதே செல்சியஸ்தான். ஆயிரம் மைல் அளவுக்கு இடைவெளியுள்ள இரண்டு ஊசிகள் ஒருங்கே நடுங்கின என்றால், நோய் ஊசியில் இல்லை, பூமி முழுவதுக்கும் பொதுவானது என்று தெரிந்தது.

அடுத்த பெரிய நாள் 1859 செப்டெம்பர் 1-ஆம் திகதி. சறே மாகாணம் ரெட்ஹில்லில் தம் வீட்டோடு சேர்ந்த ஆய்வுகூடத்தில் ரிச்சார்ட் கரிங்டன் என்ற முப்பத்துமூன்று வயதுச் செல்வந்தர் சூரியப் புள்ளிகளைத் திரையில் விழுத்திப் படம் வரைந்துகொண்டிருந்தார். முற்பகல் 11 மணி 18 நிமிடத்துக்குப் புள்ளிகளின் நடுவே கண்கூசும் வெள்ளொளி இரண்டு இடங்களில் வெடித்தது. சாட்சிக்கு ஆள் அழைக்க ஓடியவர் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தபோது அது மங்கத் தொடங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நல்லவேளையாக ஹைகேட்டில் ரிச்சார்ட் ஹொட்சன் என்பவரும் தனியே அதைப் பார்த்திருந்தார். ரிச்மண்ட் பழைய மான் பூங்காவில் இருந்த கியூ ஆய்வுகூடத்தில் தாமாகவே ஒளிப்படத் தாளில் கோடு வரையும் காந்தமானிகள் இருந்தன. அக்கோட்டிலும் அதே நேரத்தில் சிறு வளைவு ஒன்று விழுந்திருந்தது.

சுமார் பதினேழரை மணி நேரம் கழித்து, அடுத்த நாள் விடியற்காலையில், புயல் வந்து மோதியது. தந்திக் கம்பிகளில் தாறுமாறாக மின்சாரம் ஓடியது. அமெரிக்காவில் பொஸ்ரனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே மின்கலங்களைக் கழற்றிவிட்டு வானத்து மின்சாரத்தைக் கொண்டே செய்தி அனுப்பினார்கள். கரிங்டனோ, ஒளி வெடித்ததும் காந்தம் குலைந்ததும் தொடர்புடையவை என்று அறுதியிட்டுக் கூற மறுத்தார். ஒரேயொரு நோயாளியைப் பார்த்துவிட்டு நோய்க்குக் காரணம் சொல்லாத வைத்தியரின் அடக்கம் அது.

அந்தப் புயல் எவ்வளவு பெரிது? இங்கேதான் கதை இலண்டனை விட்டுப் பம்பாய்க்குப் போகிறது. கியூ ஆய்வுகூடத்தின் ஒளிப்படத் தாளில் கோடு தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. எவ்வளவு தூரம் போனதென்று தாள் சொல்லாது. பாதரசம் வெப்பமானியின் உச்சியை முட்டினால் காய்ச்சல் கடுமை என்று சொல்லலாமே தவிர, எத்தனை பாகை என்று சொல்ல இயலாதல்லவா? பம்பாய்க் கொலாபா ஆய்வுகூடத்திலோ மனிதர் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்போது முற்பகல். வழமையாக மணிக்கு ஒருமுறை குறிப்பவர்கள், ஊசி தடுமாறுவதைக் கண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தார்கள். அளவு சுமார் 1,600 நானோ டெஸ்லா கீழே விழுந்து மீண்டது அவர்கள் எழுத்தில் நின்றது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க, பிரேசில் நாட்டு ஆய்வாளருடன் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் லக்கினாவும் அலெக்ஸும் அவ்வேட்டை எடுத்து ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே, 1859-ஆம் ஆண்டுப் புயலுக்கு உலகம் ஓர் எண்ணைச் சொல்ல முடிந்தது. ஒரேயோர் இடத்து அளவையும் உலகச் சராசரியையும் நேராக ஒப்பிட முடியாது. அந்த வீழ்ச்சியில் வளைய மின்னோட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். ஆனாலும் 2024 மே மாதப் புயலின் உலக அளவு 400-ஐ ஒட்டியே நின்றது என்பதை வைத்துப் பார்த்தால், கொலாபாவில் கண்டதன் கடுமை புரியும். இயந்திரம் கைவிட்ட இடத்தில் கண்ணும் பேனாவும் கைகொடுத்தன.

இவ்விரு ஆய்வுகூடங்களுக்கும் பின்னர் ஒரே கதி நேர்ந்தது ஒரு வேடிக்கை. மின்சார ட்ராம் வண்டி! தண்டவாளத்திலிருந்து நிலத்துக்குள் கசியும் மின்னோட்டம், காந்த ஊசிக்குச் சந்தை இரைச்சல் போல. நாடித்துடிப்பைக் கேட்க முயலும் வைத்தியரின் பக்கத்தில் பறை அடித்தால் எப்படியிருக்கும்? மேற்கு இலண்டனில் மின்சார ட்ராம் வந்ததும் கியூவின் காந்த வேலை ஸ்கொட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் மலைப்பகுதிக்கு ஒதுங்கியது. 1908-இல் அங்கே ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. பம்பாயில் மின்சார ட்ராம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் மூஸ் என்ற பார்சி இனத்து அறிஞர், கடற்கரையோடு தெற்கே அலிபாக்கில் காந்தத் தன்மையற்ற கல்லால் கட்டடம் எழுப்பி, 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒருங்கே அளவெடுத்து, கொலாபாவின் நீண்ட ஏடு நடுவில் அறுந்து போகாமல் காத்தார். கிரீனிச்சுக்கும் அதே தொல்லைதான். மின்சார இரயிலுக்குப் பயந்து அதன் காந்தமானிகள் 1924-இல் சறேயின் அபிஞ்சருக்கும், 1957-இல் டெவன் கடலோரத்தின் ஹார்ட்லண்டுக்கும் குடிபெயர்ந்தன. வீடு மாறி வீடு மாறி வாழும் நம்மவருக்கு அந்த அலைச்சல் புரியாததல்ல.

பெரியோர் சொல் எப்போதும் சரியாயிருக்கும் என்பதற்கும் இக்கதையில் இடமில்லை. 1892 நவம்பரில் இலண்டன் ரோயல் சொசைட்டியின் தலைமையுரையில் கெல்வின் பிரபு, சூரியப் புள்ளிக்கும் காந்தப் புயலுக்கும் உள்ளதாகச் சொல்லப்படும் தொடர்பு வெறும் தற்செயல் என்று தீர்ப்பு வழங்கினார். எட்டு மணி நேரப் புயல் ஒன்றை உண்டாக்கச் சூரியன் தன் நான்கு மாத ஒளியையும் வெப்பத்தையும் செலவிட வேண்டிவரும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. சூரியன் எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்புகிறது என்று கொண்டதே பிழை. 1904-இல் கிரீனிச்சின் மௌண்டர், புயல்கள் சூரியன் ஒருமுறை சுழலும் 27 நாள் இடைவெளியில் திரும்பி வருவதைக் காட்டினார். அப்படியானால் சூரியனின் ஓரிடத்திலிருந்து குறுகிய தாரையாக வருகிறது, விளக்கு வெளிச்சம் போலப் பரவி வரவில்லை என்றாகிறது.

மௌண்டருக்குப் பல ஆண்டுகள் முன்னரே இந்தத் தாளத்தைக் கேட்டவர் ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். சுவாதித் திருநாள் மகாராசா 1837-இல் நிறுவிய வான் ஆய்வுகூடத்துக்கு 1852-இல் பொறுப்பேற்ற ஜோன் அலன் ப்ரௌன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், பூமியின் காந்தம் சுமார் 26 நாள் வட்டத்தில் ஏறி இறங்குகிறது என்று கண்டார். உயரம் கூடினால் காந்தம் எப்படி மாறும் என்று அறிய 1855-இல் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வுகூடம் கட்டினார். தமிழ் முனிவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பொதிகைச் சிகரத்தில், மழைக்கும் காற்றுக்கும் நடுவே, காந்த ஊசி ஒன்று பூமியின் நாடியைக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த இடத்துக்கு ஒரு சிறப்புண்டு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் மட்டமாக நிற்கும் கோடு, அதாவது காந்த நடுக்கோடு, தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வடபகுதியையும் ஒட்டியே செல்கிறது. இக்கோட்டின் மேல், ஏறக்குறைய 105 கிலோமீற்றர் உயரத்தில், பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. அதற்குப் பெயரிட்டவரும் அதே சாப்மன்தான். இம்மின்னாற்றை உள்ளே புகுந்து அளப்பதற்காகவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா மீனவர் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ரொக்கெட் ஏவப்பட்டது. இன்று திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுகூடம் அதைக் கவனித்துவருகிறது. காந்தப் புயல் துருவத்தைத் தாக்கும்போது அதன் மின்புலம் சில நிமிடங்களுக்குள் இந்த மின்னாற்றையும் அசைக்கிறது. இலண்டனில் வானம் சிவக்கும் அதே நேரத்தில், வானம் சிவக்காத திருநெல்வேலியிலும் ஊசி அசைகிறது. சிவப்பைக் கண்டவருக்கு மட்டும் புயல் என்பதில்லை.

அயன மண்டலம் எனப்படும் அந்த மேல் வளியைத் தமிழ் மக்கள் பெயர் தெரியாமலே காதால் அறிந்திருந்தனர். 1924 டிசெம்பரில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் எட்வர்ட் அப்பிள்ரன், போர்ன்மவுத் வானொலி நிலையத்து அலைகள் வானில் பட்டுத் திரும்புவதை ஒக்ஸ்போர்டில் பிடித்து, அங்கே ஓர் அடுக்கு உண்டு என்று நிறுவினார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை, 2017 ஏப்ரல் 30-இல் அதன் வானொலி ஒலிபரப்பு நிற்கும்வரை, கடல் கடந்து யாழ்ப்பாணத்துத் திண்ணைக்கும் மட்டக்களப்பு வயலோரத்துக்கும் சிற்றலையில் போய்ச் சேர்ந்தது இவ்வடுக்கில் பட்டுத் தெறித்துத்தான். செய்தி கேட்டே அன்றைய நாளை முடிவு செய்ய வேண்டியிருந்த காலத்தில், வானொலிப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு, குரல் அலையில் ஏறி இறங்கி மறைவதைக் கேட்டுப் பதைத்தவர் எத்தனை பேர்! சிற்றலை மங்குவதற்குப் பல காரணம் உண்டு. காந்தப் புயலும் அதில் ஒன்று. புயலின் போது அயன மண்டலம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் குலைகிறது. இக்காலத்தில் அதே குலைவு செய்மதி வழிகாட்டிகளைப் பாதிக்கிறது. 2024 மே மாதத்தில் அமெரிக்க விவசாயிகளின் செய்மதி வழி நடத்தப்படும் உழவு இயந்திரங்கள், விதைப்புப் பருவத்தின் நடுவில், வரிசை தவறி நின்றன.

மேல் வளிக்கு இன்னொரு குணமும் உண்டு. புயல் அதைச் சூடாக்கும், சூடேறிய வளி பொங்கும். பால் பொங்கினால் பானை விளிம்பைத் தாண்டுவது போல, அடர்த்தியான வளி செய்மதிகள் ஓடும் உயரத்துக்கு ஏறி அவற்றை உரசி வேகத்தைக் குறைக்கிறது. 2022 பெப்ரவரி 3-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அனுப்பிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 38 இப்படியே திரும்பி விழுந்து எரிந்தன. அந்தப் புயல் பெரியதும் அன்று. மூத்தவர்களுக்கு ஸ்கைலாப் நினைவிருக்கும். சூரியனின் வேகம் எதிர்பார்த்ததைவிடக் கூடியதால் மேல் வளி வீங்கி, அந்த விண்வெளிக் கூடம் குறித்த காலத்துக்கு முன்னரே இறங்கி 1979 யூலை 11-இல் விழுந்தது. தலையில் விழப்போகிறதென்று இந்தியாவின் பல ஊர்களில் மக்கள் நடுங்கினார்கள். விழுந்ததோ இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவின் வெறும் நிலத்திலும்.

இனி உடம்பின் கேள்விக்கு வரலாம். பூமியின் காந்தப் புலம் இலண்டனில் சுமார் 49,000 நானோ டெஸ்லா. 1859-இல் கொலாபாவில் கண்ட மிகக் கடுமையான வீழ்ச்சி 1,600. வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க நோயாளி படுக்கும் குழாயின் காந்தம் பொதுவாக 1.5 டெஸ்லா, அதாவது அந்த வீழ்ச்சியைப் போல ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு. அதற்குள் அரை மணி நேரம் படுத்திருந்து எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு உண்கிறார்கள். ஆகவே புயலின் காந்த மாற்றம் கர்ப்பத்தில் உள்ள சிசுவைத் தாக்கும் என்பதற்கும், இருதயத் துடிப்புக் கருவி பொருத்தியவரைத் தாக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. புயல் நாட்களில் மாரடைப்புக் கூடுகிறதா என்று சில நாடுகளில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒருமித்து நிற்கவில்லை. ஒருவருடைய மருந்தில் அரைக் குளிசையைத் தானும் மாற்றுவதற்கு அவை போதா.

அண்டவெளிக் கதிர் என்ற புரளிக்கு ஊட்டி மலை பதில் சொல்கிறது. அங்கே டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற பெருங்கருவி, வானிலிருந்து விழும் மியூஓன் எனும் நுண்துகள்களை எண்ணுகிறது. 2015 யூன் 22-இல் வந்த புயலின் போது காந்தக் கவசம் சற்று நெகிழ்ந்து, சுமார் இரண்டு மணி நேரம் அவ்வெண்ணிக்கை கூடியதை அது கண்டது. கருவிக்கு அது பெருஞ்செய்தி, உடம்புக்கு அது செய்தியே அல்ல. எந்தப் புயலும் இல்லாத நாளிலும் விரித்த உள்ளங்கை வழியே நொடிக்கு ஒரு மியூஓன் போய்க்கொண்டுதான் இருக்கிறது, தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்தே. கைத்தொலைபேசியை அணைப்பதால் அது நிற்காது. துருவத்தின் மேலாகப் பறக்கும் விமானங்களைக் கடும் புயலின் போது வானொலித் தொடர்புக்காகவும் கதிர்வீச்சைக் குறைப்பதற்காகவும் தெற்கே திருப்பிவிடுவது உண்டு. இலண்டனிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ போகும் வழி அந்தத் திசையில் இல்லை.

அஞ்சத்தக்கது வேறிடத்தில் இருக்கிறது, கம்பியில். காந்தம் விரைந்து மாறும்போது நீண்ட கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்பது ஃபரடே 1831-இல் இலண்டன் அல்பமார்ல் வீதியில் கண்டுபிடித்த விதி. ஒரு மனிதர் நீளத்துக்கு அது ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடும் உயர் அழுத்தக் கம்பிக்கு அது நிறைய. கம்பியின் இரு முனையிலும் உள்ள மின்மாற்றிகள், திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்குப் பழகியவை. புயல் தரும் மெதுவான ஒருதிசை ஓட்டத்தை அவை சீரணிக்கமாட்டா. சூடேறும், உறுமும், சில பழுதாகும். 1989 மார்ச் 13-ஆம் திகதி அதிகாலையில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்விநியோகம் 90 விநாடிக்குள் சரிந்து, 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளிலும் குளிரிலும் இருந்தனர். அந்த மாகாணத்தின் கீழே உள்ள பழம்பாறை மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே எல்லாம் கம்பிக்கே போனது. மொன்றியல் நகரில் அதற்குள் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்களும் அந்த இருளைக் கண்டிருக்கும். இங்கிலாந்திலும் அன்று நோர்விச்சுக்கு அருகே ஒன்றும், கோர்ண்வாலில் இண்டியன் குயின்ஸ் என்ற வேடிக்கைப் பெயருள்ள ஊரில் ஒன்றுமாக இரண்டு பெரிய மின்மாற்றிகள் பழுதாயின. இத்தகைய மின்மாற்றியைக் கடையில் வாங்க முடியாது. புதிதாகச் செய்துவரப் பல மாதம் செல்லும்.

2024 மே மாதத்தில் மின்சாரம் நிற்காததற்குக் காரணம் புயல் சிறிதென்பது மட்டுமன்று. கியூபெக்கில் கற்ற பாடத்தால் காப்புக் கருவிகள் திருத்தப்பட்டன, முன்னறிவிப்பும் உண்டு. எக்ஸெற்றர் நகரில் வானிலை அலுவலகத்தின் விண்வெளி வானிலைப் பிரிவு 2014 முதல் இரவு பகலாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முகில் புறப்பட்டதைக் கண்டு ஒன்றிரண்டு நாள் முன்னதாகச் சொல்லலாம். ஆனால் அதன் காந்தம் தெற்கு நோக்கியதா வடக்கு நோக்கியதா என்பது, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் காவல் நிற்கும் விண்கலங்களை அது தாண்டும்போதுதான் நிச்சயமாகும். இந்தியாவின் ஆதித்யா-எல்1 கலமும் 2024 ஜனவரி 6 முதல் அவ்விடத்திலேயே நிற்கிறது. அங்கிருந்து பூமிக்கு வர முகிலுக்குக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மின்சார நிலையத்துக்கு அது போதும். வீட்டில் தனியே இருக்கும் எழுபத்தைந்து வயது அம்மாவுக்குப் போதாது.

அந்த அம்மாவின் வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் இருக்கலாம். சிறுநீரகம் பழுதான ஒருவர் வீட்டிலேயே இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இருக்கலாம். கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புப் பொத்தான் பழைய செப்புக் கம்பித் தொலைபேசியில் வேலை செய்திருக்கும், அக்கம்பிக்குத் தொலைபேசி நிலையமே மின்சாரம் கொடுத்தது. இப்போது கம்பிகள் அகற்றப்பட்டு இணையத் தொலைபேசி பொருத்தப்படுகிறது. மின்சாரம் போனால் மின்கலம் இல்லாத பெட்டியோடு அதுவும் போகும். இதற்குக் காந்தப் புயல்தான் வர வேண்டுமென்பதில்லை. குளிர்காலத்துச் சாதாரணக் காற்றே போதும்.

மின்விநியோக நிறுவனங்கள் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கின்றன. ஓய்வூதிய வயதினர், நோயாளர், மின்சார மருத்துவக் கருவி வைத்திருப்பவர், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர் எல்லோரும் அதில் இலவசமாகப் பெயர் பதியலாம். ஆங்கிலம் சரளமாக வராதவரும் பதியலாம், அதுவும் ஒரு காரணமாக ஏற்கப்படுகிறது. பதிந்தவருக்கு மின்வெட்டின் போது முதலில் தகவல் வரும், தேவைக்கேற்ப உதவியும் வரும். 105 என்ற இலக்கத்தை அழைத்தால் இருக்கும் இடத்துக்குரிய நிறுவனத்துக்கு அழைப்புத் தானாகப் போகும், கட்டணம் இல்லை. அழைக்கும்போது வீட்டில் உள்ள கருவியின் பெயரையும், மின்சாரம் இல்லாமல் அது எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் கையில் எழுதி வைத்திருப்பது நல்லது. முதலில் அதைத்தான் கேட்பார்கள்.